பாதி இழுப்பில் நிற்காத குதிரை

18.9.2024, புதன். விழுப்புரம்

கடை திறந்து ஊதுவத்திகூடக் கொளுத்தவில்லை, அரங்கநாதன் வந்து நிற்கிறார். திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் ஊர். கரும்பும் மல்லாட்டையும் போடுகிற குடும்பம். பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கிற பழைய கேப்பு துப்பாக்கியைக் கோணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற ரகம்.

போன வாரமே வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். படத்தில் பாதி அவர் கட்டைவிரல், மீதி குங்குமம். “இதே மாதிரி லாக் வேணும்” என்று கூடவே ஒரு குரல் செய்தி. வெளியே பார்த்தே லாக் சொல்ல முடியுமானால் நான் ஜோசியம் பார்க்கப் போயிருப்பேனே.

“குதிர நிக்கலம்மா. பாதி இழுத்து வச்சா தானா வுழுது” என்றார்.

லாக் என்பது துப்பாக்கியைச் சுடவைக்கிற பொறி; அதில், மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு மேல் வந்து அடிக்கிற சுத்தியைத்தான் குதிரை என்போம். பாதி இழுத்தால் உள்ளே ஒரு பல்லில் மாட்டி நிற்கவேண்டும். விசையை இழுத்தாலும் விழக்கூடாது. கெட்டித்த துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது அந்த ஒரு பல்லை நம்பித்தான். இவருடையதைப் பாதி இழுத்து, கட்டையை உள்ளங்கையால் தட்டினேன். டக்கென்று விழுந்தது.

“இத வச்சிகினு எத்தினி நாளா சுத்தறீங்க?”

“ரொம்ப நாளாதான். பாத்து புடிச்சிக்குவேன்.”

பாத்து புடிச்சிக்குவாராம்! நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் குமரேசன் அவருக்கு டீ வரவழைத்து, “ஆயுத பூஜைக்குள்ள முடிச்சிடலாம்ண்ணே” என்று சொல்லியாகிவிட்டது. அப்பா விட்டுப்போன கடை, லைசென்ஸ் என் பேரில். வாக்குக் கொடுப்பது மட்டும் இவர். இந்த மனிதர் வாயில் ‘முடியாது’ என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை.

21.9.2024

லாக்கைக் கழற்றினேன். உள்ளே சந்தனமும் குங்குமமும் நல்லெண்ணெயும் சேர்ந்து பிசினாக இறுகிக் கிடந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டெல்லாம் உள்ளே இறங்கியிருக்கிறது. முதலில் இதுதான் கோளாறு என்று சந்தோஷப்பட்டேன். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுச் சுரண்டியதும் தெரிந்தது: பாதி இழுப்புப் பல்லின் உதடு உடைந்திருக்கிறது. பிசின்தான் இத்தனை நாளும் அதை அரைகுறையாகப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. இப்போது சுத்தம் செய்ததில் இன்னும் மோசம்.

பற்றவைத்து அரம் போடலாம் என்கிறார் இவர். அந்த இரும்பு இருக்கிற இருப்புக்கு ஒரு தீபாவளி தாங்காது. மாற்றத்தான் வேண்டும்.

தகட்டில் பெயர் இல்லை, எண் இல்லை. ஸ்பிரிங் குதிரைக்குப் பின்னால் இருக்கிற வகை. கட்டையில் அதற்கென்று குடைந்த பள்ளம் இருக்கிறது, முன்னால் ஸ்பிரிங் உள்ள லாக் அதில் உட்காரவே உட்காராது. பழையதை அட்டையில் வைத்துக் கோடு இழுத்து, குதிரை சுழலும் இடத்தையும் திருகு ஓட்டையையும் குறித்துக்கொண்டேன்.

26.9.2024, வியாழன். திண்டிவனம் போய் வந்தேன்

அங்கே முன்பு துப்பாக்கிக் கடை வைத்திருந்த சீனுவாசன், பழைய சரக்கை இன்னும் கணக்கில் வைத்திருக்கிறார். ஒரு தகர டப்பா நிறைய லாக். “எல்லாம் ஒண்ணுதான், எடுத்துக்கினு போம்மா” என்றார். அட்டையை வைத்துப் பார்த்தால் ஒன்றில் குதிரை கேப்பைத் தாண்டி விழும், இன்னொன்றில் முன்னாலேயே விழும். கடைசியில் அடியில் கிடந்த ஒன்று பொருந்தியது. உள்ளே பாதி இழுப்புக்கும் முழு இழுப்புக்கும் உள்ள பல் இரண்டும் புதிது போலக் கூர்மை.

திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலி.

1.10.2024, செவ்வாய்

மாட்டிவிட்டேன். பள்ளத்தில் முடி அளவு செதுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். குதிரை கேப்பின் நடு மண்டையில் விழுகிறது. பாதி இழுப்பில் வைத்துக் கட்டையைத் தட்டினேன், குலுக்கினேன், கோணி மேல் போட்டேன். அசையவில்லை. நிம்மதி.

திருகு முடுக்கும்போது இவர் வழக்கம்போலத் தேன்மெழுகை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மரை ஏறுகிற இடத்தில் மெழுகு தடவினால் திருகு தளராது என்பது இவர் கண்டுபிடிப்பு. வெயிலில் உருகி மரத்தில் இறங்கும் என்பது என் கட்சி. இன்றும் சண்டை. ஒரு சொட்டு மெஷின் எண்ணெயோடு நானே முடுக்கினேன். மெழுகு கிடையாது.

மாலையில் அரங்கநாதன் வந்தார். பழைய லாக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லாரும் கேட்பார்கள், பொட்டு வைத்த இரும்பை அடுத்தவர் வீட்டில் விடமாட்டார்கள். “அலமாரில வச்சி கும்புடுங்க. துப்பாக்கில மட்டும் வெக்காதீங்க” என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

10.10.2024

இரண்டு நாளாகக் கோலியனூர். அக்கா மகள் கலைப்பிரியாவுக்கு வளைகாப்பு. கடையை இவர் பார்த்துக்கொண்டார். கை நிறைய வளையல், எழுதவே வரவில்லை.

11.10.2024, வெள்ளி

ஆயுத பூஜை. பொரி, கடலை, பூசணிக்காய். இவர் ஏனோ சுரத்தில்லை. கேட்டால் “ஒண்ணுமில்ல”.

13.11.2024, புதன்

அரங்கநாதனின் துப்பாக்கி வெடித்து ஆள் அடிபட்டிருக்கிறது.

அந்தப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து அருணா என்கிற எஸ்.ஐ. போன் செய்தார். நேற்று கரும்புத் தோட்டத்துக்குப் போகும்போது நடந்ததாம். அவரிடம் வேலை செய்கிற விருத்தாசலம் டிவிஎஸ் ஓட்டியிருக்கிறார். அரங்கநாதன் பின்னால் துப்பாக்கியோடு. வாய்க்கால் மேட்டில் வண்டி ஏறி இறங்கியதில் வெடித்துவிட்டது. ரவை முழுக்க விருத்தாசலத்தின் தொடையில்.

“லாக்கு நீங்கதான் மாத்தினதா சொல்றாங்க. நாளைக்கு வந்து பாத்து சொல்லுங்க.”

எத்தனை தடவை தட்டிப் பார்த்தேன்! தட்டினேனே. போட்டேனே. எங்கே தவறவிட்டேன்? குமரேசனிடம் சொன்னேன். தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், குடிக்காமலே கீழே வைத்தார்.

14.11.2024, வியாழன். திண்டிவனம்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேஜை மேல் துப்பாக்கி. பார்த்ததுமே தெரிந்தது: அது என் லாக் இல்லை. பழையது! அதே உடைந்த பல், அதே தகடு. அங்கேயே அழுதிருப்பேன், அவ்வளவு நிம்மதி.

“மேடம், இது நான் கழட்டிக் குடுத்த லாக். நான் மாட்டினது வேற” என்றேன்.

அரங்கநாதன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மேடம். துப்பாக்கி தொடைக்கிற வேலையெல்லாம் விருத்தாசலந்தான். அவன்தான் எதையோ கழட்டி மாட்டிக்கினு இருந்திருக்கணும்.”

எஸ்.ஐ. என்னிடம், சாட்சி வைத்து லாக்கைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். திருகின் தலையில் ஒரு கீறல் இல்லை, பழகாத கை என்றால் திருப்புளி வழுக்கியிருக்கும். வெளியே இழுத்தேன். மரையில் மஞ்சளாக, மெலிசாக, மெழுகு.

மூக்குக்கிட்டே கொண்டுபோகத் தேவையே இல்லை. இந்த ஜில்லாவில் லாக் திருகுக்குத் தேன்மெழுகு தடவுகிற ஆள் ஒருவர்தான். என் வீட்டில் இருக்கிறார்.

“இத கத்துக்காத ஆளு மாத்த முடியுமா? ஒரு சாதாரண கூலிக்காரர்?” என்று கேட்டார் எஸ்.ஐ.

“யோசிச்சு எழுதித் தர்றேன் மேடம்.”

“எழுதியே குடுங்க. லேப்புக்கு அதோட சேத்து அனுப்பறேன்.”

லேப்பில் மெழுகைக் கண்டுபிடிப்பார்கள். யார் மெழுகு என்று அதில் எழுதியிருக்காது.

15.11.2024

இவரைக் கேட்டேன். மறைக்கவில்லை. அழுதுவிட்டார்.

நான் கோலியனூரில் இருந்தபோது அரங்கநாதனும் அவருடைய அக்கா அஞ்சம்மாளும் வந்திருக்கிறார்கள். அந்தம்மா சொன்னதாம்: “எங்க அப்பா பொட்டு வச்ச லாக்கு அது. இந்தப் புதுசு எவன் வூட்டு துப்பாக்கி இரும்போ, எந்த உசுர எடுத்துதோ. சாமி முன்னாடி எப்பிடி நைனா வெக்கறது? பூஜைக்கு மட்டும் பழச மாட்டிக் குடு.” இவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தாராம்: “ஆபத்துக்கா.” அந்தம்மா கண்ணைத் துடைத்ததும் முடிந்தது கதை. அரங்கநாதன் முன்னாலேயே மாற்றிக் கொடுத்து, “மருந்து போடாதீங்கண்ணே, பூஜை முடிஞ்சதும் எடுத்துக்கினு வாங்க” என்றாராம். புது லாக்கை மஞ்சள் துணியில் சுற்றிக் கடையிலேயே வைத்துக்கொண்டார். போன் போட்டபோதெல்லாம் “வர்றேன் தம்பி, வர்றேன்”.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ திட்டுவ.”

திட்டுவேனாம்! ஒரு ஆளு தொட கிழிஞ்சு கெடக்கறான், இவுரு நான் திட்டுவேன்னு பயந்துக்கினு இருந்தாராம். என்ன சொல்றது இந்த மனுஷன?

அரமெல்லாம் போட்டுவைக்கிற டிராயரின் பின்பக்கம் இருந்தது மஞ்சள் துணி. பிரித்தேன். என் லாக். நான் துடைத்த எண்ணெய்ப் பளபளப்புகூடப் போகவில்லை.

17.11.2024, ஞாயிறு

விருத்தாசலத்தின் மனைவி காந்திமதி கடைக்கு வந்தாள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வருகிறாள். காலை எடுக்கவேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

“வண்டில ஏறும்போதே கேட்டிருக்காருக்கா, ‘குதிர வுழுமேங்க’ன்னு. ‘லாக்கு மாத்தியாச்சிடா, ஓட்டு’ன்னாராம். இப்ப எங்க வூட்டுக்காரரே கழட்டி மாட்டிட்டாருன்னு எழுதிக்கினு இருக்காங்க. எங்க வூட்ல ஒரு திருப்புளிகூட இல்லக்கா. கேஸு அவுரு மேலயே வந்துடும்ன்றாங்க. மாட்னது எது, கழட்னது எது, அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

“பாக்கலாம்மா” என்றேன் நான்.

“சரிம்மா. சொல்றோம்” என்றார் இவர், என் பின்னாலிருந்து.

அவள் இவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தலையாட்டிவிட்டுப் போனாள். நான் இவர் மேல் பாய்ந்தேன். யாரைக் கேட்டுச் சரி சொன்னீர்கள்? லைசென்ஸ் இல்லாத கை உடைந்த லாக்கை மாட்டியிருக்கிறது. கடையை மூடுவார்கள், உங்களை உள்ளே தூக்கி வைப்பார்கள், தெரியுமா? தெரியும் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

24.11.2024

எதிர்பார்த்தது நடந்தது. அரங்கநாதன் வந்தார். டீ வேண்டாம் என்றார்.

“அந்தப் புது லாக்க எங்கிட்ட குடுத்துடும்மா. வூட்ல வச்சிருந்தேன்னு சொல்லிக்கிறேன். விருத்தாசலந்தான் மாத்திட்டான்னு ஆயிடும். உங்க கடைக்கும் ஒண்ணுமில்ல, எனக்கும் ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரி செலவு நான் பாத்துக்கறேன்.”

“அவருக்குக் கால் போனா?”

“வேணும்னா செஞ்சோம்?”

துரத்தியிருக்க வேண்டும். துரத்தவில்லை. மழை வருகிறதாம், விட்டதும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். வாயிலிருந்து எப்படி வந்தது அது? எனக்கே தெரியவில்லை. தெரியும். பயம்.

1.12.2024

புயல். நேற்றிலிருந்து விடாத மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், கடைக்குள்ளும் வந்துவிட்டது. ஓடிப்போய் முதலில் எடுத்தது அந்த டிராயரைத்தான். இவர் வாசலில் நின்று, தண்ணீர் போகிற வேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அதில் போட்டிருந்தால் போயிருக்கும். இரண்டு பேரும் அதை நினைத்தோம், இரண்டு பேரும் சொல்லவில்லை. டிராயரைப் பரணில் வைத்தேன்.

3.12.2024

விக்கிரவாண்டிப் பக்கம் பாலத்தில் தண்ணீர், ரயில் இல்லை. பஸ்ஸும் சரியாக இல்லை. ஸ்டேஷனுக்குப் போக முடியாது என்பதில் எனக்கு ஒரு கேவலமான சந்தோஷம்.

5.12.2024, வியாழன்

எஸ்.ஐ. கேட்டதை எழுதி முடித்தேன்.

‘மேற்படி லாக் ஒரே திருகினால் பொருத்தப்பட்டுள்ளது. சாதாரணத் திருப்புளி கொண்டு எவரும் கழற்றி மாட்டக்கூடியதே.’

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கீறாத திருகுத் தலையைப் பற்றிக் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. மெழுகைப் பற்றிக் கேட்கவில்லை.

இவரிடம் படித்துக் காட்டினேன். நாளைக்கு இதைக் கொடுத்துவிட்டு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அரங்கநாதனிடம் லாக்கைக் கொடுத்துவிடலாம் என்றேன். “சரி” என்றார். இவர் வேறென்ன சொல்லப்போகிறார்!

காந்திமதி முகம் வந்து வந்து போகிறது. வீட்டில் திருப்புளிகூட இல்லை என்றாளே.

6.12.2024, வெள்ளி

இப்போதே எழுதிவிடுகிறேன்.

இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். மஞ்சள் துணியை “நான் எடுத்துக்கறேன்” என்று காலையிலேயே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். ரோட்டின் இரண்டு பக்கமும் சாய்ந்த நெல், வண்டல். திண்டிவனம் ஸ்டாண்டில் டீக்கடை முன்னால் அரங்கநாதன் நின்றிருந்தார். அப்புறம் வருகிறோம் என்று கையைக் காட்டினேன்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. நிமிர்ந்து, “எழுதிட்டீங்களா?” என்றார். நான் கைப்பைக்குள் கையை விட்டேன். அதற்குள் மேஜை மேல் டொக் என்று சத்தம். மஞ்சள் துணி.

“இதுதான் மேடம் இவங்க மாட்டின புது லாக்கு. ஆயுத பூஜைக்கு முன்னாடி நான்தான் கழட்டிட்டு பழச மாட்டிக் குடுத்தேன். இவங்க அப்ப ஊர்ல இல்ல. அரங்கநாதண்ணனும் அவுங்க அக்காவும் எதுருலதான் நின்னுக்கினு இருந்தாங்க. மருந்து போடாதீங்கன்னு சொன்னேன். விருத்தாசலத்துக்கு இதுல ஒண்ணும் தெரியாது. திருகுல மெழுகு இருக்கும் பாருங்க, அது என்னுது.”

ஒரே மூச்சில். இவ்வளவு நீளமாக இவர் பேசி நான் கேட்டதில்லை.

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். “நீங்க எழுதினது?”

தாள் விரலில் பட்டது. “இன்னும் முடிக்கல மேடம்” என்றேன்.

அப்புறம் இரண்டு லாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எது என்று அடையாளம் காட்டச் சொன்னார். காட்டினேன். உடைந்த பல்லைக் காட்டினேன். கீறாத திருகுத் தலையைக் காட்டினேன். இது பழகின கை முடுக்கின திருகு என்று, கேட்காமலே சொன்னேன். இவர் கையெழுத்துப் போடும்போது நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவரை உட்காரவைத்துவிட்டார்கள். வக்கீலுக்குப் போன் போடத் தாழ்வாரத்துக்கு வந்தபோது, ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

“எங்கிட்டயும் சரின்னுதானே சொன்னீங்க?”

“ம். காந்திமதிகிட்ட மொதல்ல சொல்லிட்டேன் சித்ரா.”

அரங்கநாதன் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். எடுக்கவில்லை.

9.12.2024

ஜாமீன் கிடைத்தது. கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். அப்பா வைத்த போர்டை மட்டும் கழற்ற விட்டார்கள். திட்டவேண்டும் போல இருந்தது, திட்ட வரவில்லை.

20.1.2025

விருத்தாசலத்துக்குக் கால் தப்பியது. மடங்காது என்கிறார்கள். அவர் பெயர் வழக்கில் சாட்சியாக மட்டும்தான் இருக்கிறது.

1.10.2025, புதன்

ஆயுத பூஜை.

வழக்கு நடக்கிறது. முதல் ஆள் அரங்கநாதன், இரண்டாவது இவர். அஞ்சம்மாள் கோர்ட்டில் இவரைப் பார்த்து “உன்னால தாண்டா” என்று கத்தினாள். இவர் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு வந்தார், வேறென்ன! லைசென்ஸ் ரத்து ரத்துதான். வீட்டு முன்னறையில் மருந்தடிக்கிற ஸ்பிரேயரும் தையல் மெஷினும் பழுது பார்க்கிறோம். துப்பாக்கி இருந்த இடத்தில் பொட்டு வைக்க இன்று இரண்டு ஸ்பிரேயரும் ஒரு தையல் மெஷினும்.

நேற்று மாலை விருத்தாசலம் வந்தார். கம்பு ஊன்றி, கடன் வாங்கிய ஸ்பிரேயரைக் காந்திமதி தூக்கிவர. கைப்பிடித் திருகு தளர்ந்துகொண்டே இருக்கிறதாம். இவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். நானே கழற்றினேன். மரை தேய்ந்திருந்தது.

காந்திமதி பார்த்துக்கொண்டே நின்றாள். நான் எழுதி, கொடுக்காமல் விட்ட அந்தத் தாளை அவளுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். இந்தப் பத்து மாசத்தில் ஒரு நாள்கூட அதைப் பற்றி இவர் வாய் திறக்கவில்லை.

இவருடைய டப்பாவைத் திறந்து, தேன்மெழுகை எடுத்து, மரையில் சுற்றிலும் தடவி முடுக்கினேன். நன்றாகத்தான் பிடிக்கிறது.